மூன்றாவது பந்துக்குப் பிறகு

முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றவன் நான். இதைச் சொன்னால் எங்கள் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் யாரும் நம்புவதில்லை. "வேலைய வுட்டு நின்னுட்டான், அதையே ரிட்டயருன்னு ஷோக்கா சொல்லிகினு திரியறான்" என்று டீக்கடையில் என் காதுபடவே பேசுகிறார்கள். உண்மை என்னவென்றால், என் முதுகெலும்பில் இரண்டு தட்டுகள் எனக்கு முன்பாகவே ஓய்வு பெற்றுவிட்டன. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்த செங்கல்பட்டு டாக்டர், "படகு வேணுமா, நடக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். நான் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

பதினோரு வருடம் நான் ஓட்டியது வாட்டர் ஸ்கீயிங் படகு. ஒற்றைப் பலகையில் இரண்டு கால்களையும் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி, படகின் பின்னால் தண்ணீர்மேல் சறுக்கி வருவார்களே, அந்தப் படகு. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உப்பங்கழி ஓரமாக இருந்த ஒரு தனியார் படகுக் குழாமில் வேலை.

போன மாதம் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று அங்கே போனேன். புதுப் படகு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். செயற்கைக்கோளைப் பார்த்து வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் கருவி அதில் இருக்கிறது. இப்போது ஓட்டுகிற பிரகாஷ் பெருமையாகக் காட்டினான்.

"அண்ணாத்த, பட்டன அமுக்குறதோட நம்ம வேல முடிஞ்சுது. மிச்சத்த அதுவே பாத்துக்கும். நீங்கள்லாம் கையாலயேவா வேகத்தப் புடிச்சீங்க? கரீட்டா நிக்குமா?"

"நின்னுது, நின்னுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் காது சூடாயிற்று. என் கை இரண்டு வருடம் கரெக்டாக நிற்கவில்லை. அதனால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதை பிரகாஷிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது எழுதிவிடுகிறேன்.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தேன். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, மூன்று மாதம் ஒரே அளவு போல்ட்டை ஒரே ஓட்டையில் முடுக்கினேன். நான்காவது மாதம் போல்ட்டுக்குப் பதில் நான் கழன்றுவிட்டேன். படகுக் குழாமில் மெக்கானிக் வேண்டும் என்றார்கள், போனேன். ஒரே வருடத்தில் ஓட்டுநர் ஆகிவிட்டேன். எனக்கு முன்னால் ஓட்டியவர் துபாய் போய்விட்டார், அவ்வளவுதான் என் தகுதி.

என் மேலதிகாரி ஆல்பர்ட் சார். காசிமேட்டுக்காரர், துறைமுகத்தில் படகு ஓட்டியவர். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாரையும் நேரில் திட்டமாட்டார். படகைத்தான் திட்டுவார். படகு கட்டுகிற மேடையான ஜெட்டியில் நான் படகை இடித்துவிட்டேன் என்றால், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். குனிந்து படகின் மூக்கைத் தடவுவார். "இன்னா கண்ணு, கண்ணு தெர்லியா உனுக்கு? ராத்திரி சரியா தூங்கலியா? வூட்ல சண்டையா?" என்பார். பக்கத்தில் நான் கூனிக் குறுகி நிற்பேன். பாராட்டும் அப்படித்தான் வரும். படகோடு வந்த, தண்ணீருக்குள் சுழன்று தள்ளும் எஞ்சின் விசிறி நேர்வேகத்துக்கு நல்லது, ஆனால் பின்னால் ஒரு ஆள் கயிற்றை வெட்டி இழுக்கும்போது எஞ்சின் திணறுகிறது என்று இரண்டு பக்கம் கணக்குப் போட்டுக் காட்டி, இதழ்ச் சாய்வு குறைந்த வேறொரு விசிறியை நான் வாங்க வைத்தேன். அது நன்றாக வேலை செய்தது. அன்றைக்கு அவர் படகிடம், "பாத்தியாடி, படிச்ச புள்ள உனுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் குடுத்துக்கீறான்" என்றார். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

எங்கள் படகு போட்டிக்கென்று செய்ததல்ல. போட்டிப் படகுக்கு எஞ்சின் வயிற்றுக்குள் இருக்கும். எங்களுடையது பதினேழு அடி ஃபைபர் படகு, நூற்றைம்பது குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், மொத்தக் கனமும் வாலில். அது வேகத்துக்குப் பிறந்தது. நேராகப் போவதற்கு அதைக் கெஞ்ச வேண்டும்.

காலை ஐந்தரைக்கே கெஞ்ச ஆரம்பிப்போம். பெட்ரோல் டேங்கை முன்பக்கம் நகர்த்துவேன். மூக்கில் இரண்டு மணல் மூட்டை. கயிற்றைப் பின்னால் கட்டினால் ஸ்கீ ஆள் இழுக்கிற பக்கம் வால் திரும்பும், அதனால் படகின் நடுவில் ஒரு இரும்புக் கம்பம் நட்டு அதில் கட்டினோம். எஞ்சினின் சாய்வைச் சரிசெய்ய ஒரு பட்டன் உண்டு. அதிகம் உள்ளே இழுத்தால் பின்னால் எழுகிற அலை கல் மாதிரி இருக்கும். அதிகம் வெளியே தள்ளினால் படகு தவளை மாதிரி குதிக்கும். இரண்டுக்கும் நடுவில் சரியான இடம் ஒன்று இருக்கிறது, அதைக் காதால்தான் கண்டுபிடிக்க முடியும். வேகமானியை நம்பக்கூடாது. எஞ்சினுக்கு அடியில் உள்ள சின்ன ஓட்டை வழியே தண்ணீர் புகுந்து முள்ளைத் தள்ள வேண்டும். உப்பங்கழிப் பாசி அந்த ஓட்டையில் குடிவந்துவிட்டால், நாம் பறந்துகொண்டிருக்கும்போதும் முள் பூஜ்யத்தில் நிம்மதியாகப் படுத்திருக்கும்.

தடத்தையும் சொல்லிவிடுகிறேன். நீளம் இருநூற்று ஐம்பத்தொன்பது மீட்டர். வலமும் இடமுமாக மாறி மாறி ஆறு சிவப்புப் பந்துகள் மிதக்கும். படகு நடுவில் நேர்கோட்டில், மாறாத வேகத்தில் போக வேண்டும். பின்னால் வருபவர் படகின் அலையைத் தாண்டித் தாண்டி ஒவ்வொரு பந்தையும் வெளிப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் என்றால் முழுத் தடத்துக்கும் பதினேழு விநாடிக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் ஆறு திருப்பம். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் இழுக்கிற இழுப்பில் படகு மூச்சு வாங்கும். அது வாங்குவதற்கு முன்பாகவே ஓட்டுநர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திராட்டில் பிடியை ஒரு நூல் தள்ளி, உடனே எடுத்துவிட வேண்டும். ஓட்டுநரின் வேலை மொத்தமும் இதுதான்.

சுபத்ரா வந்தது இதற்குப் பிறகு. கல்பாக்கத்தில் கருவிகள் பிரிவில் வேலை. பிரஷர் மீட்டர், வெப்பமானி எல்லாம் சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துச் சான்று தருகிற வேலை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு மொபெட்டில் வந்து நிற்பார். ஸ்கீயைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக் குறுக்கே கட்டியிருப்பார். முதல் நாள் ஜெட்டியில் நின்று எங்கள் வேகமானியைப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

"இது என்ன, லீவுல இருக்கா?"

"மேடம், அது அப்படித்தான். நான் காதால ஓட்டுறேன்."

"சரி, உங்க காதுக்கு யாரு சர்ட்டிபிகேட் குடுத்தாங்க?"

படகின் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, ஸ்கீ ஆள் விழுந்தால் சொல்வதற்கென்று தனபால் இருந்தான். டிக்கெட் கவுன்ட்டர் ஆள். அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

ஒன்றரை வருடத்தில் அவர் ஐம்பத்தைந்தில் மூன்று பந்து வரை வந்துவிட்டார். நான்காவதில் தினமும் விழுவார். எழுந்து தலைமுடியைப் பிழிந்துகொண்டு, "இன்னொரு தடவை" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பந்தைத் தாண்டியதும் விசிறியில் ஏதோ பாசி சுற்றியது. எஞ்சின் ஒரு நொடி தொய்ந்து படகு மெதுவானது, பின்னால் வருபவருக்குத் திரும்ப நேரம் கிடைத்தது. அவ்வளவுதான், பின்னால் சுபத்ரா நான்கு, ஐந்து, ஆறு என்று சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அந்தக் கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நண்டு பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். தனபால் படகில் எழுந்து நின்று ஆடினான். கோவளம் கடையில் எங்கள் எல்லோருக்கும் இட்லி, வடை, பொங்கல் என்று சுபத்ராவே வாங்கிக் கொடுத்தார். பாசி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு வடை வாய்க்குள் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு மறுபடி நான்காவதில் விழுந்தார். படகில் ஒரு கண்ணாடி உண்டு, பின்னால் வருகிறவரின் முகம் தெரியும். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. அதற்கு அடுத்த ஓட்டத்தில், மூன்றாவது பந்துக்குப் பிறகு, திராட்டிலில் இருந்த என் கை ஒரு நூல் பின்னால் வந்தது. ஆறும் கிடைத்தது. பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் கூடுதலாக ஒரு நூல், ஒரு நாள் குறைவாக. சில நாள் படகையும் பந்துப் பக்கம் அரை அடி நகர்த்தி வைப்பேன். என்னை நானே புண்ணியவான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதை வேறு சொல்ல வேண்டும். இப்படி இரண்டு வருடம்.

அப்போதுதான் வடக்கே ஒரு ஏரியில் தேசிய அணிக்குத் தேர்வு என்று கடிதம் வந்தது. பெண்களில் நான்கு பேரை எடுப்பார்கள். சுபத்ரா விண்ணப்பத்தில் 'ஐம்பத்தைந்தில் ஆறு பந்து' என்று எழுதினார். அந்தப் பேனா என்னுடையது. ஆபீசில் லீவு சொல்லிவிட்டார், ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார்.

தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது திருப்போரூரில் என் அக்காள் மகளுக்குக் காது குத்து. அந்த ஞாயிறு நான் போகவில்லை, ஆல்பர்ட் சார்தான் படகை எடுத்தார். அடுத்த ஞாயிறு நான் போனபோது சுபத்ரா ஜெட்டியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

"சேகர், எனக்கு என்னமோ ஆயிடுச்சு. போன வாரம் எட்டுத் தடவை போனேன். எட்டுத் தடவையும் மூணுதான். டாக்டர்கிட்ட காட்டலாமான்னு யோசிக்கிறேன்."

ஆல்பர்ட் சார் படகில் உட்கார்ந்து மணல் மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்தார். பார்க்காதது போலவே படகின் விளிம்பைத் தட்டி, எனக்கு மட்டும் கேட்கும்படி படகிடம் சொன்னார்.

"இன்னாம்மே, நல்லா ஓடிகினு இருந்த பொண்ணு ஏன் மூணுல நிக்கிது? ஒருவாட்டி ஆறு குடுத்து, ஒருவாட்டி மூணு குடுத்தா, அது இன்னா பண்ணும் பாவம்? நீ பொய் சொல்ட்டு கம்முனு ஆடிகினு கீற. அது டாக்டராண்ட போவுதாம்."

சுபத்ரா எழுந்து ஸ்கீயை எடுக்கக் கொட்டகைப் பக்கம் போனதும் நான் படகுக்குள் இறங்கினேன்.

"சார், உங்களுக்குத் தெரியுமா?"

"எஞ்சின் சத்தம் கேக்காத செவுடனா நானு? மூணாவது பந்தாண்ட வந்தா உன் படகு தாலாட்டுப் பாட ஆரம்பிச்சிரும். ரெண்டு வர்ஷமா கேட்டுகினுதான் கீறேன்."

"ஏன் சார் சொல்லலை?"

முதல்முறையாக அவர் படகை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கே வெட்கமாக இருந்தது.

"நான் எப்டி சொல்றது? ஓனரு புள்ளைக்கு நான் அஞ்சு வர்ஷமா அதான் பண்ணிகினு கீறேன். அவன் போட்டிக்குப் போமாட்டான். இது போவுது. அதான் மேட்டரு."

போய்ச் சொல்வதென்று எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். தேர்வுக்கு நானே கூடப் போய் அங்கே ஓட்டலாமா என்றுகூட அந்தக் கணக்கில் வந்தது. டிப்ளமா படித்த மூளை என்னவெல்லாம் கண்டுபிடிக்கும் பாருங்கள். கடைசியில் கொட்டகைக்குப் போனேன். சுபத்ரா ஸ்கீயில் கால் செருகுகிற ரப்பர் உறைக்கு சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தார்.

"மேடம், உங்க உடம்புக்கு ஒண்ணுமில்ல. படகுதான் மெதுவாப் போச்சு. நான்தான்... மூணாவது பந்துக்கப்புறம் கொஞ்சம் குறைச்சிக்கினே வந்தேன்."

அவர் கை நின்றது. "எப்பலேர்ந்து?"

"வடை வாங்கிக் குடுத்தீங்களே, அன்னிக்கு பாசி. மறு வாரத்துலேர்ந்து நானு."

"எவ்வளவு குறைச்சீங்க?"

"தெர்ல."

"தினமும் ஒரே அளவா?"

"இல்ல. அது... உங்க மூஞ்சியப் பாத்து."

அவர் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. சோப்புத் தண்ணீரை ஓரமாக நகர்த்தி வைத்தார். "ஒரே அளவா தப்பாக் காட்டுற மீட்டரை நாங்க சரிபண்ணி வெச்சுக்குவோம்" என்றார். "ஆளைப் பார்த்து மாத்திக் காட்டுற மீட்டரை என்ன செய்வோம் தெரியுமா? கழட்டிக் குப்பைல போடுவோம். உங்க படகுல இனிமே நான் ஏறமாட்டேன்."

ஆனால் என்னைக் குப்பையில் போடவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தார். மிச்சமிருந்த நாட்களுக்கு லீவு போட்டுவிட்டு தினமும் காலையில் வந்தார். ஆல்பர்ட் சார்தான் ஓட்ட வேண்டும். என் கையில் ஒரு ஸ்டாப்வாட்சும் நோட்டும் கொடுத்துக் கரையில் உட்கார வைத்தார். படகு தடத்துக்குள் நுழையும்போது அமுக்கி, வெளியேறும்போது அமுக்கி, விநாடியை உரக்கக் கத்த வேண்டும். எத்தனை பந்து என்று எழுத வேண்டும். எழுதினேன். மூன்று. இரண்டு. மூன்று. மூன்று. இரண்டு. கரையிலிருந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது, நான்காவது பந்துக்கு அவர் எப்போதும் ஒரு கை நீளம் தாமதமாகத்தான் வருகிறார். நான் ஒழுங்காக ஓட்டியிருந்தால் இரண்டு வருடம் முன்பே அது எனக்குத் தெரிந்திருக்கும், அவருக்கும் தெரிந்திருக்கும், திருத்தியும் இருப்பார். அந்த ஒரு கையை நான் திராட்டிலில் மறைத்து வைத்திருந்தேன்.

கடைசி நாள் ஒரே ஒரு முறை நான்கு வந்தது. நான் கத்திய கத்தலில் நோட்டு தண்ணீரில் விழுந்துவிட்டது. சுபத்ரா திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ரயில் ஏறினார். பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. நான் எஞ்சினைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டி, திரும்பக் கழற்றினேன். தனபால் என்னிடம், "மச்சான், எஞ்சின் பாவம் டா, அது ஒண்ணும் பண்ல" என்றான்.

பதினோராவது நாள் ஞாயிறு. மொபெட் சத்தம் கேட்டது. அதே படுக்கை விரிப்பு மூட்டை.

"ரயில்ல டிடிஆர் இது வீணையான்னு கேட்டார்" என்றார் சுபத்ரா, பொதுவாக எல்லோரையும் பார்த்து. "ஆமான்னு சொல்லிட்டேன்."

ஆல்பர்ட் சார்தான் கேட்டார். "இன்னாச்சும்மா?"

"அஞ்சாவது இடம்."

நான்கு பேரைத்தான் எடுத்தார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரே தொடர்ந்தார். முதல் ஓட்டத்தில் ஆறு பந்தும் வந்துவிட்டதாம். கரையில் விநாடி பார்த்தவர் பட்டனை அமுக்க மறந்துவிட்டாராம். படகும் நேராகத்தான் போயிற்று, சரி, ஆறு என்று எழுதிவிடலாம் என்று நடுவர் பேனாவை எடுத்தாராம். சுபத்ரா தண்ணீரிலிருந்தே கை தூக்கி, படகு பாதியில் மெதுவானது, மறுபடி ஓட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தனியாக வந்த பெண் என்று அந்த ஓட்டுநர் இரக்கப்பட்டிருக்கிறார், பாவம். மறுபடி ஓட்டினார்கள். நான்கு.

எனக்குத் தாங்கவில்லை. அவர் என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று கேட்டுவிட்டேன். "ஏன் மேடம்? யாருக்குமே தெரியாதே! குடுத்தத வாங்கிக்கினு வர்றதுதானே!"

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே, சேகர்" என்றார். "படகு மெதுவானா முழங்காலுக்குக் கீழ தண்ணி எப்படி மெத்துனு ஆகும்னு ரெண்டு வருஷம் நீங்கதானே டிரெயினிங் குடுத்தீங்க? இந்தியாவுலயே எனக்கு மட்டும்தான் அந்த டிரெயினிங் இருக்கு."

தனபால் சிரித்துவிட்டான். ஆல்பர்ட் சார் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அவர் மூட்டையைப் பிரித்தார். "ஐம்பத்தி ரெண்டுல ஆரம்பிக்கலாம். முதல்லேர்ந்து."

ஆல்பர்ட் சார் படகை நோக்கி நகர்ந்தார்.

"நீங்க இல்ல சார். சேகர் ஓட்டட்டும்."

"மேடம்..."

"நீங்க ஏமாத்தினா எனக்கு உடனே தெரியும். வேற யாராவது புதுசா ஏமாத்தினா, அதை வேற நான் கத்துக்கணும். ஏறுங்க."

அன்று ஞாயிறு, ஜெட்டி நிறைய ஆட்கள். இரண்டு வருடமாக அவரை ஐம்பத்தைந்தில் ஆறு எடுப்பவர் என்று பார்த்துக் கைதட்டியவர்கள். அவர்கள் முன்னால், புதிதாக வந்தவர் மாதிரி, மூன்று கிலோமீட்டர் குறைத்துத் தொடங்குகிறார். நான் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தேன். எஞ்சின் சத்தம் மட்டும் போதும். நுழைந்தோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று தனபால் எண்ணினான். நான்கு என்றபோது அவன் குரல் உயர்ந்தது. ஐந்தில் கயிறு கம்பத்தை ஒரு பக்கமாக இழுத்தது, தாமதமாக வருகிறார் என்று என் இடுப்பு எலும்புக்குத் தெரிந்தது. கை பின்னால் வரத் துடித்தது. ஒரு நூல், ஒரே ஒரு நூல். விரல்கள் வெளுக்கும் வரை அழுத்தி, இருந்த இடத்திலேயே வைத்திருந்தேன்.

கயிறு சட்டென்று இலேசானது.

"வுழுந்துட்டாங்க!" என்றான் தனபால்.

படகு தடத்தை விட்டு வெளியே போனதும் திருப்பிக்கொண்டு வந்தேன். சுபத்ரா கழுத்தளவு தண்ணீரில் மிதந்துகொண்டு, மூக்கில் ஏறிய உப்புத் தண்ணீரைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம்?" என்று கத்தினார்.

தனபால் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தான். "பதினேழு புள்ளி ஒம்போது!"

ஐம்பத்திரண்டுக்கு அதுதான் கணக்கு, வேகம் ஒரு நூல்கூடக் குறையவில்லை. அவர் தலைமுடியைப் பிழிந்து பின்னால் தள்ளிவிட்டு, என்னைப் பார்த்து முகம் முழுக்கச் சிரித்தார். விழுந்துவிட்டு அப்படிச் சிரித்த ஒருவரை அந்த உப்பங்கழியில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இன்னொரு தடவை" என்றார். கயிற்றின் கைப்பிடி அவர் பக்கம் மிதந்து போகும்படி படகை மெல்ல வளைத்தேன்.